கதையில் இறந்தவனுக்குத் திதி

மனைவி போன பிறகுதான் நான் கதை எழுத உட்கார்ந்தேன். துக்கத்தை ஆற்றிக்கொள்ள எழுதினேன் என்று பள்ளிக்கூடத்தில் சிலர் பேசிக்கொண்டார்கள். அது சரியில்லை. துக்கம் என்று ஒன்று வந்தால்தானே ஆற்றுவதற்கு. ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். தண்ணீர் சில்லென்று இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். கருமாதி முடிந்ததும் பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் மலையிறங்கிப் போய்விட்டார்கள். சாயங்காலம் வந்தால் விளக்கேற்றிவிட்டு நாற்காலியில் உட்காருவேன். மணி ஓடும். அவ்வளவுதான்.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதற்குப் பிறகு தேயிலை பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை, இப்போது ஓய்வு. அம்மன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு நடத்துகிறேன். பஞ்சாங்கம் பார்த்துத் திதி சொல்வதும் நான்தான். எந்த வீட்டில் யார் தவறினாலும் திதி கேட்டு என் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ஒரு நாள் கோயிலில் பிடித்துக்கொண்டார். "ஐயா, தேவார வகுப்புல நீங்க கதை சொன்னா பிள்ளைங்க ஆடாம அசையாம கேக்குதுங்களாம். எங்ககிட்ட அப்படியா இருக்குதுங்க? இந்த மலையில அந்தக் காலத்துல நடந்தத வச்சி ஒரு கதை எழுதிக் குடுங்க. பிரதி எடுத்துப் படிக்கக் குடுக்கறேன்."

"நான் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் டீச்சர்."

"படிக்கப் போறதும் ஆறாம் வகுப்பு வரைக்கும்தானே ஐயா."

மறுக்கத் தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். அந்த நாட்களில் யார் என்ன கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழைய காலத்துக் கதை என்றால் பாதி மனத்திலிருந்தே எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஒரு பையன் மழையில் குடை பிடித்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு, அதாவது காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஓடுகிறான் என்று எழுதியிருந்தேன். பக்கத்து லயத்து வரிசை வீட்டில், கொழுந்து பறித்து ஓய்ந்த ஓர் அக்காவிடம் அதைப் படித்துக் காட்டினேன். வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரரும் வெளியே வந்துவிட்டார்.

"குடையா? குடை துரை பொண்டாட்டிகிட்டதான் இருந்துச்சி. எங்கம்மால்லாம் கோணிச் சாக்க ஒரு மூலையில மடிச்சி தலையில கவுத்துக்கிட்டுப் போவும். நீங்க என்ன தம்பி, அந்தப் பையனுக்கு மோட்டாரும் வாங்கிக் குடுத்துடுவீங்க போல."

குடையை அடித்துவிட்டுச் சாக்கு என்று எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு வரிக்கும் யாரையாவது கேட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கை எப்படியெல்லாம் தின்றார்கள், பறிக்க ஆள் இல்லாமல் தேயிலைச் செடிகள் எவ்வளவு உயரம் வளர்ந்தன, உடுத்தத் துணியில்லாத பெண்கள் எப்படி வெளியே வந்தார்கள். அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் அநேகமாக யாரும் இல்லை. தங்கள் அப்பா அம்மா சொன்னதைத்தான் சொன்னார்கள். சொல்லும்போது சிலர் அழுதார்கள். நான் கேட்டு எழுதிக்கொண்டேன். என் கண் ஈரமாகவில்லை.

கண்டவர் ஒருவர் எங்கள் தோட்டத்திலேயே இருந்தார். கீழ் லயத்துப் பெரியவர். எனக்கு உறவு இல்லை, ஆனால் சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது கூட ஆகவில்லை. அவருடைய அண்ணனுக்கு மீசை அரும்புகிற வயது. பெரட்டுக் களத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பேர் வாசித்தாராம். மூன்று மாத வேலை, முடிந்ததும் வந்துவிடலாம் என்றாராம்.

"சிரிச்சிக்கிட்டுதான் ஏறுனான்" என்றார் மாமா. "அதுக்கு முன்ன அவன் லோரில ஏறுனதே இல்ல. ஏறி நின்னு எனக்குக் கையக் காட்டுறான். நானும் வரேன்னு நான் அழுவுறேன். எனக்கு லோரில ஏற முடியலங்கற அழுகை."

லோரி தாப்பாவுக்கு இறங்கிப் போனது. அங்கிருந்து ரயில். அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. சண்டை முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள். திரும்பாத சிலரைப் பற்றி, கண்ணால் பார்த்தேன் என்று வந்தவர்கள் சொன்னார்கள். இவருடைய அண்ணனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் வீடுகளில் படையல் உண்டு. போனவர்களுக்கு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிடுவோம். மாமா வீட்டில் அவருடைய அப்பாவுக்கு இலை உண்டு, அம்மாவுக்கு உண்டு, மனைவிக்கு உண்டு. அண்ணனுக்கு இல்லை. அம்மா இருந்தவரை, பெரியவன் செத்துவிட்டான் என்று அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அம்மா போன பிறகும் யாரும் திறக்கவில்லை. மாமா என்னிடம் பேசும்போது கூட "எங்கண்ணன் வெளிய இருக்கான்" என்றுதான் சொன்னார். நான் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. எங்கம்மா இருந்தா உன்ன வெரட்டியிருக்கும்" என்றார்.

லோரி ஏறியவனுக்கு அங்கே என்ன நடந்திருக்கும் என்று தெரியாமல் கதை நின்றது. பிரிஞ்சாங்கில் பூ வியாபாரம் செய்யும் ஒருவருடைய அப்பா ரயில் பாதையிலிருந்து திரும்பி வந்தவர் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனேன். போவதை மாமாவிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். பூக்காரர் செவ்வந்திக் கட்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே பேசினார். காலரா வந்தவர்களைத் தனிக் கொட்டகையில் போட்டார்களாம். அந்தக் கொட்டகைகளைப் பிறகு கொளுத்திவிட்டார்களாம். "அப்பா இருந்தப்ப இத சொல்லும்போது மூஞ்சில ஒன்னுமே இருக்காது ஐயா. சாப்பாட்டப் பத்திப் பேசற மாதிரி சொல்லுவாரு" என்றார். எனக்கு அந்த முகம் நன்றாகப் புரிந்தது.

பிள்ளைகள் படிக்கிற கதையில் இதையெல்லாம் எழுத முடியாது. என் கதைப் பையன் காய்ச்சலோடு கொட்டகைக்குள் போனான், வெளியே வரவில்லை என்று ஒரே வரியில் முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் ஊரில் அவனுடைய தம்பி படையலன்று அண்ணனுக்கு ஓர் இலை போடுகிறான். போனவனை இலையில்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மனம் என்றுகூடச் சொல்ல முடியாது. பழக்கம். கை தானாக எழுதிக்கொண்டு போனது.

பள்ளிக்கூடத்தில் படித்துக் காட்டக் கூப்பிட்டார்கள். படித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்தான்.

"ஐயா, அவங்கம்மாவுக்கு ஏன் அவன் போன் பண்ணல?"

"அப்ப ஏதுடா போனு."

"கடுதாசி போடலாம்லா."

"அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது."

"நம்மள மாதிரி டியூஷனுக்குப் போயிருக்கணும்" என்றான் பின் வரிசையில் ஒருவன். எல்லாம் சிரித்தன. நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் பிள்ளை சிரிக்கவில்லை. அவள் மாமாவின் பேரனுடைய மகள். "இது எங்க பெரிய தாத்தாவோட அண்ணன்தானே ஐயா? உண்மையா நடந்ததா?" என்று கேட்டாள்.

"உண்மையா நடந்ததுதான்" என்றேன்.

ஆள் பிடித்தது உண்மை, லோரி உண்மை, கொட்டகை உண்மை. அந்த நினைப்பில்தான் சொன்னேன். அவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம். மலையெல்லாம் பனி மூடி, எதிர் லயத்துக் கூரைகூடத் தெரியாத நேரம். வாசலில் மாமா நின்றார். ஈர வேட்டி. தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. தோளில் ஒரு துண்டு, அதுவும் ஈரம். பின்னால் அந்தப் பிள்ளை பள்ளிச் சீருடையோடு ஒரு சுவெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாங்க மாமா, நடுங்குறீங்களே."

"தீட்டு. நான் இங்கயே நிக்கறேன்."

அவர் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று, "யாரு மாமா?" என்று கேட்டேன்.

"யாருன்னு என்னையக் கேக்கறியே தம்பி. நீதானே எழுதியிருக்க." அவருடைய பற்கள் கிட்டிக்கொண்டன. "பாப்பா டீச்சர்கிட்ட பிரதிய வாங்கியாந்து வாசிச்சிச்சி. பூக்காரனோட அப்பா பாத்தாரா? கூட இருந்தவரா? சரி, அது கெடக்கட்டும். காதுல விழுந்துச்சி, குழாயில தலைக்கு ஊத்திக்கிட்டேன். நீ திதி மட்டும் பாத்துச் சொல்லு. அவனுக்குச் செய்யணும்."

தூரத்து ஊரில் பங்காளி ஒருவர் இறந்த சேதி எத்தனை காலம் கழித்து வந்தாலும், காதில் விழுந்த உடனே தலைக்குக் குளிப்பது எங்கள் வழக்கம். அந்த வயதில், அந்தக் குளிரில், வெந்நீர்கூட வைக்காமல் குளித்திருக்கிறார். என்னுடைய கடைசி அத்தியாயத்துக்காக.

பஞ்சாங்கம் உள்ளே சாமி மேடையில்தான் இருந்தது. ஏதோ ஒரு மாதம், ஏதோ ஒரு திதி சொல்லியிருக்கலாம். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பொய் சொல்லக்கூடாது என்ற எண்ணத்தில் நான் நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. வாயைத் திறந்தால் என் மனைவியின் திதிதான் வந்தது. வேறு திதி ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதைச் சொல்ல முடியாமல், இருப்பதைச் சொன்னேன்.

"மாமா, அது நானா எழுதினது. பூக்காரரோட அப்பாவுக்கு உங்க அண்ணனத் தெரியாது. அங்க இப்படி நடந்துச்சின்னு சொன்னாரு. அத உங்க அண்ணனுக்குன்னு நான் எழுதிட்டேன்."

பிள்ளைதான் கேட்டாள். "அப்ப அவர் சாவலையா?"

"தெரியாதும்மா."

"உண்மைன்னு சொன்னீங்க."

மாமா கையை நீட்டி அவளை நிறுத்தினார். "ஏன் சொன்ன?" என்றார் என்னிடம். கோபமாகக்கூட இல்லை.

"நான் பிள்ளைங்ககிட்ட உண்மைன்னு சொன்னது தப்புதான் மாமா."

"அதில்ல. இப்ப ஏன் சொன்ன? பேசாம ஒரு திதியச் சொல்லியிருக்கலாம்ல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்கென்ன பைத்தியமா? அவன் இருந்தான்னா இப்ப என்ன வயசு? நூறத் தொடுவான். எனக்குத் தெரியாதா? தெரியும்லா. ஆனா சேதின்னு ஒன்னு யாராச்சும் கொண்டு வரணும். வீட்டுக்குள்ள இருக்கற நாங்களே சொல்லிக்க முடியுமா? யாரும் கொண்டு வரல. இன்னிக்கு வந்துச்சி. குளிச்சேன். இப்ப இல்லன்னு சொல்ற. ஊத்துன தண்ணிக்கு என்ன கணக்கு?"

அவர் படியிறங்கிப் போனார். பிள்ளை சுவெட்டரை அவர் முதுகில் போட்டுவிடப் பார்த்தாள். அவர் விடவில்லை. இரண்டு பேரும் பனிக்குள் போய்விட்டார்கள். நான் கதவைச் சாத்திவிட்டுச் சோற்றை வடித்தேன். நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு தேவார வகுப்பில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்து, "பெரிய தாத்தா இருமிக்கிட்டே இருக்காரு. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. உங்க மேல கோவம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் டிவியையே பார்த்தார்.

தலைமை ஆசிரியையிடம் போய், பிரதியை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றேன். "கதைன்னா கதைதானே ஐயா. முதல் பக்கத்துல கற்பனைன்னு ஒரு வரி போட்டுடலாம்" என்றார். போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். குளித்துவிட்டு வந்தவருக்கு அந்த வரி எதற்கு.

கடைசி அத்தியாயத்தை மட்டும் திரும்ப வாங்கிவந்து கிழித்துவிட்டு, வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். பையன் திரும்பி வருகிறான். லோரி நிற்கிறது, இறங்குகிறான், அம்மா ஓடி வருகிறாள். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. அதையும் கிழித்தேன். முருகா என்று கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூப்பிடுவது உதட்டில் மட்டும் நடக்கும்.

புரட்டாசி நெருங்கியது. கோயில் பலகையில் மகாளய அமாவாசை அறிவிப்பை வருஷா வருஷம் நான்தான் எழுதுவேன். திதி தெரியாதவர்களுக்கும் அன்று எள்ளும் தண்ணீரும் இறைக்கலாம் என்று எழுதிக்கொண்டிருந்தபோதுதான் கை நின்றது. பல வருஷமாக எழுதுகிற வரி. மாமா ஈர வேட்டியோடு வாசலில் நின்றபோது இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

அப்படியே கீழ் லயத்துக்குப் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"திதி தெரியாதவனுக்குச் சரி" என்றார். "செத்தானான்னே தெரியாதவனுக்கு?"

பிரிஞ்சாங் கோயிலுக்கு வரும் குருக்களுக்கு அங்கேயே போன் போட்டுக் கேட்டேன். காணாமல் போய் இவ்வளவு காலம் ஆகிவிட்டால் செய்வதில் தோஷம் ஒன்றும் இல்லை, ஆனால் வீட்டில் மூத்தவர்கள் மனசார முடிவு பண்ண வேண்டும் என்றார். அதை மாமாவிடம் சொன்னேன்.

"எங்க வீட்டுல மூத்தவன் அவன்தானே" என்றார். டிவியைப் பழையபடி சத்தமாக வைத்தார்.

அமாவாசையன்று விடிந்த கையோடு, தோட்டத்துப் பாலத்துக்குக் கீழே ஆற்றோரம் கூடினோம். குருக்கள் வந்திருந்தார். என் மனைவி போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதனால் எனக்கு அன்று செய்வதற்கு ஒன்றும் இல்லை. எள் தட்டை ஏந்திக்கொண்டு, உட்காருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் பாதி கலைந்த பிறகு பாலத்தின் மேல் அந்தப் பிள்ளை தெரிந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மாமா இறங்கி வந்தார். குல்லா, சுவெட்டர், அதன் மேல் இன்னொரு சுவெட்டர்.

"தலைக்கு ஊத்திட்டு வந்தீங்களா பெரியவரே?" என்றார் குருக்கள்.

"அவருக்கு இருமல் சாமி, ஊத்தக்கூடாது" என்று பிள்ளை முந்திக்கொண்டாள்.

"அத அன்னிக்கே ஊத்திட்டேன்" என்றார் மாமா.

குருக்களுக்குப் புரியவில்லை. சரி என்று உட்கார வைத்தார். அப்பா பெயர் கேட்டார், சொன்னார். அம்மா பெயர் கேட்டார், சொன்னார். மனைவி பெயரும் ஆயிற்று. ஒவ்வொருவருக்கும் எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் இறங்கித் தாம்பாளத்தில் விழுந்தது.

"வேற யாரும் உண்டா?"

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையை ஆமென்றும் ஆட்டவில்லை, இல்லையென்றும் ஆட்டவில்லை. எள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆற்றுச் சத்தம் கேட்டது. ரிங்லெட் ஊர்ப் பக்கமாகக் காய்கறி லோரி ஒன்று பாலத்தின் மேல் போனது. அது போய் முடியும்வரை அவர் காத்திருந்த மாதிரி இருந்தது.

பிறகு ஒரு பெயரைச் சொன்னார்.

மாதக்கணக்கில் அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய எனக்கு அந்தப் பெயர் அன்றுதான் தெரியும். எப்போதும் அண்ணன் என்றுதான் சொல்வார். நானும் கேட்கவில்லை. கதையில் நானாக ஒரு பெயர் வைத்திருந்தேன்.

"உறவு?"

"அண்ணன்."

"காலமான மாசம் ஏதாவது…"

"தெரியாது. லோரில போனான்."

குருக்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் குனிந்து மாமாவின் உள்ளங்கையில் எள்ளை வைத்தேன். குருக்கள் செம்பைச் சாய்த்தபோது, மாமா மற்றக் கையால் செம்பைத் தொட்டு நிறுத்தினார்.

"கொஞ்சமா ஊத்துங்க சாமி. அவனுக்குக் குளிரு ஆவாது."

குருக்கள் கொஞ்சமாக ஊற்றினார். எள் முழுவதும் இறங்கவில்லை. விரல்களில் ஒட்டியிருந்ததை மாமா தானே ஆற்றில் கையை விட்டுக் கழுவினார்.

எழுந்திருக்க என் கையைப் பிடித்துக்கொண்டார். பாலம் ஏறும்வரை விடவில்லை. மேலே வந்ததும் பிள்ளை என்னிடம், "ஐயா, அந்தக் கடைசிப் பக்கத்த எங்களுக்குத் திரும்பக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "பிள்ளைங்க கேக்குதுல்ல, குடு" என்றார்.

இலை போடும் அத்தியாயத்தை மறுபடி எழுதித் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தேன். பையனுக்கு நான் வைத்த பெயரே இருக்கிறது. மாமா சொன்ன பெயரை அதில் எழுதவில்லை.